சொன்னதைச் சொன்னபடி

மார்ச் 11, செவ்வாய்

இருபத்தேழு ஆண்டு தமிழாசிரியர், கையெழுத்துப் போட்டிகளுக்கு மாவட்ட நடுவர், பொன். ஆவுடையப்பன் ஆகிய எனக்கு அரசாங்கம் இன்று ஒரு புதிய பதவி கொடுத்திருக்கிறது. 'சொல்வதை எழுதுபவர்'. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பெண்கள் பள்ளி மையத்தில் ஒரு மாணவி இருக்கிறாளாம். அவளுக்கு வாசிக்கவும் வராதாம், எழுதவும் வராதாம். கேள்வியை நான் வாசிக்க வேண்டும், பதிலை அவள் வாயால் சொல்ல வேண்டும், அதை நான் எழுத வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேரம். ஆங்கிலத் தேர்வு எழுதவே வேண்டாம். நன்றாக இருக்கிறது. அடுத்த ஆண்டு தேர்வுக்கு வராமலே தேர்ச்சி என்று உத்தரவு வரும்.

"ஒங்க கையெழுத்துக்காகத்தான் சார் ஒங்கள எடுத்திருக்காங்க" என்றார் தலைமையாசிரியர். மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மருத்துவச் சான்றிதழோடு நின்றது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தமிழ்த் தாளுக்கு வேறு பாடத்து ஆசிரியரைத்தான் போட வேண்டுமாம். போட்டிருந்த அறிவியல் டீச்சருக்கு அம்மை வார்த்துவிட்டதால் அதுவும் என் தலையில்.

இதையெல்லாம் எழுதி மேசைமேல் திறந்தபடியே வைத்துவிட்டுப் போகலாம். இந்த வீட்டில் நோட்டை எடுத்துப் படிக்கும் ஆபத்து கிடையாது. என் மனைவி கோமதி ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி.

மார்ச் 14, வெள்ளி

அரை நாள் பயிற்சி. போண்டா சூடாக இருந்தது. மற்றதைப் பற்றியும் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

ரோஸ்லின் என்று ஒரு சிறப்பாசிரியை. வயது முப்பது இருக்கலாம், என் மாணவிகளில் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டியவள். டிஸ்லெக்ஸியா என்று பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கினார். அறிவுக் குறைவு இல்லையாம், சோம்பேறித்தனமும் இல்லையாம், கண்ணில் கோளாறும் இல்லையாம். எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றும் வேலை மூளையில் வேறு மாதிரி நடக்கிறதாம். நமக்குத் தானாக ஓடுவது அவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கல் சுமப்பது போலவாம். அடித்தால் போகாது, நூறு தடவை எழுதச் சொன்னால் போகாது. சத்தத்தையும் எழுத்தையும் சின்னச் சின்னதாக, திரும்பத் திரும்ப, காதாலும் வாயாலும் கையாலும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். நேரம் கொடுக்க வேண்டும். வாசித்துக் காட்ட வேண்டும். திடீரென்று எல்லார் முன்னாலும் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்லக் கூடாது.

பிறகு அடையாளங்கள். வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி. கண்ணாடியைக் காணோம் என்பார்கள். அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து வாசிப்பதுபோலச் சொல்வார்கள். கேட்டதை மறக்க மாட்டார்கள். பெரியவர்களான பிறகும் மறைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. இதெல்லாம் அடையாளம் என்றால் என் வகுப்பில் பாதிப் பேரை ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் இருந்த வணிகவியல் ஆசிரியரிடம் சொன்னேன். சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

கடைசியில் ஒரு விளையாட்டு. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும் ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடத்தில் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கைதட்ட வேண்டும். பெரிய மனிதர்கள் நின்று தத்தக்கா பித்தக்கா என்று உளறினார்கள். என் முறை வந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சுரண்டையில் இருந்து கோமதியின் தம்பி மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. தன் வீட்டுப் பத்திரிகை. அதைக்கூட "கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல, நீங்களே வாசிங்களேன்" என்று என்னிடம் நீட்டினாள். மூன்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தாயிற்று. மூன்றும் எங்கே போகின்றனவோ.

காலையில் சந்தைக்குப் போகும்போது வழக்கம்போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முத்து முத்தாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். வழக்கம்போல உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். பதினான்கு சாமான், பதினான்கும் வந்தது. இது ஒரு பெருமை. பட்டியலைக் கையில் கொண்டுபோனால் கௌரவம் குறைந்துவிடும்.

மத்தியானம் வாரப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்வாள். ஒரு பக்கம் புரட்ட அரை மணி நேரம். படம் பார்க்கிறாள், வேறென்ன. விளக்கேற்றும்போது துதிப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது பாட்டையும் சொல்வாள், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல். புத்தகம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "கையில இருந்தா ஒரு இது" என்றாள். மகன் சின்னவனாக இருந்தபோது வீட்டுப்பாடம் சொல்லித்தர ஒருநாள் உட்கார்ந்ததில்லை. அடுப்பில் வேலை என்பாள். இப்போது அவன் ஓசூரில் இருக்கிறான். அடுப்பு இன்னும் இருக்கிறது.

தமிழாசிரியன் வீட்டில் எழுத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

மார்ச் 21, வெள்ளி

மையத்தில் அறையைப் பார்த்தேன். தையல் வகுப்பறை. தலைமுடி மாதிரி தரையெல்லாம் நூல்.

மார்ச் 24, திங்கள்

மாணவியைப் பார்த்தேன். பெயர் பெனிட்டா. இரட்டைப் பின்னல், நகத்தைக் கடிக்கிற பழக்கம், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா வட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சர். தாய் நாள் முழுக்க எழுத்தைத் தட்டித் தள்ளுகிறார், மகளுக்கு எழுத்து வராது. எல்லாப் பாடத்தையும் தன் குரலில் போனில் பதிந்து வைத்திருக்கிறாராம். மகள் கேட்டுக் கேட்டுப் படிக்கிறாளாம். வானொலி நாடகம் கேட்பது போல.

"சார், நான் சொல்றத மட்டுந்தான எழுதுவீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வேற என்னத்த எழுதப் போறேன்?"

"அரைப் பரீட்சைல ஒரு மிஸ் எழுதுனாங்க. நான் சொன்னத விட்டுட்டு அவங்களா நல்லா எழுதிட்டாங்க. தொண்ணூத்தி ஒண்ணு வந்துச்சு. கிளாஸ்ல எல்லாரும், அது ஒன் மார்க்கா மிஸ் மார்க்கான்னு கேட்டாங்க. எனக்கே தெரியல சார். நான் எவ்வளவுதான் படிச்சிருக்கேன்னு எனக்கு ஒரு தடவையாவது தெரியணும். நாப்பது வந்தாலும் என்னுதா இருக்கணும்."

"அவ இப்பிடித்தான் சார்" என்று அம்மா தலையைத் தடவினார்.

நாற்பதுக்கு ஆசைப்படும் மாணவியை இப்போதுதான் பார்க்கிறேன். எல்லாம் அந்த ரோஸ்லின் மாதிரி ஆட்கள் சொல்லிக்கொடுக்கும் வசனம்.

மார்ச் 28, வெள்ளி

தமிழ்த் தேர்வு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றே காலுக்கு எழுந்து போன பிறகும் தையல் அறையில் நாங்கள் இருவர். வாசலில் நாற்காலி போட்டு ஓர் உடற்கல்வி ஆசிரியர் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் என் பொறுமைக்கு வைத்த தேர்வு. ஒரு கேள்வியை மூன்று முறை வாசிக்கச் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். என் விரல் ஒரு வாக்கியத்தின் முடிவில் நின்று காத்திருக்கிறது. என் கையெழுத்துக்கு இப்படி ஓர் அவமானம் வரும் என்று நினைத்ததில்லை. ஒரு மதிப்பெண் கேள்விகளில் இரண்டு தவறு, மற்றதெல்லாம் சரி. குருட்டு யோகம்.

பிறகு கட்டுரை. 'நூலகத்தின் பயன்'. எட்டு மதிப்பெண். அவள் சொன்னது இது:

"எங்கள் ஊர் நூலகத்துக்குள் நான் போனதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை மட்டும் பார்த்திருக்கிறேன். நிறைய செருப்பு இருந்தால் உள்ளே நிறையப் பேர் என்று தெரியும். அவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் வாசிப்பார்கள். சத்தமில்லாத இடத்தில் எனக்குப் புத்தகம் கேட்காது. என் அம்மா எனக்குச் சத்தமாக வாசிப்பார். நூலகத்தில் சத்தமாக வாசிக்க ஓர் அறை கட்டினால் நானும் செருப்பைக் கழற்றுவேன். நூலகத்தின் பயன் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான். எட்டு வாக்கியம். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, மேற்கோள் ஒன்றுகூட இல்லை. செருப்பு மூன்று இடத்தில். இதற்கு எந்த மடையனும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் போட மாட்டான். இருபத்தேழு ஆண்டாக வகுப்பில் நான் சொல்லி எழுதவைக்கும் நூலகக் கட்டுரை ஒன்று இருக்கிறது. ஆறு உட்தலைப்பு, எல்லாவற்றுக்கும் அடிக்கோடு. தூக்கத்திலும் எழுதுவேன். என் கை அதையே எழுதிவிட்டது. ஒன்றரைப் பக்கம். பாவம், பிள்ளைக்கு ஏழு மதிப்பெண் கிடைக்கட்டுமே என்றுதான்.

"வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றாள்.

தாளைப் பார்த்துக்கொண்டே அவளுடைய எட்டு வாக்கியத்தையும் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. குப்பையும் கொஞ்ச நேரம் கையில் ஒட்டத்தான் செய்கிறது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாசிக்கல சார்."

"பின்ன என்ன செஞ்சேன்?"

"மனப்பாடமா சொன்னீங்க. ஒங்க கண்ணு ஒரே எடத்துல நின்னுச்சு. வாசிச்சா கண்ணு நகரும். நான் ஏழாங் கிளாஸ் வரைக்கும் இப்பிடித்தான் வாசிச்சேன். முன்னாடி பிள்ள வாசிக்கிறதக் கேட்டு வச்சுக்கிட்டு, புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே சொல்லிருவேன். ஒரு டீச்சரும் கண்டுபிடிச்சதில்ல. எனக்குத் தெரியும் சார்."

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அப்பறம் நீங்க கோடு கோடாப் போட்டீங்க. நான் தலைப்பே சொல்லலியே."

அடிக்கோடு. ஓர் ஆயுள் முழுக்க ஸ்கேல் வைத்துப் போட்ட கை, ஒரு நாள் சும்மா இருக்குமா?

"ஒன் நல்லதுக்குத்தான் எழுதுனேன். இதுக்கு எட்டுக்கு ஏழு விழும். நீ சொன்னதுக்கு ரெண்டு."

"அந்த ரெண்ட எழுதுங்க சார்."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். வாசலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்து வந்து கேட்டால் முறைகேடு என்று ஆகும், தாள் பிடுங்கப்படும், போவது என் வேலை மட்டுமல்ல, அவள் ஆண்டும் சேர்ந்து. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அவள் எட்டு வாக்கியத்தை மறுபடி சொன்னாள், எழுதினேன். இந்த முறை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே வாசிக்கக் கேட்டாள்.

இதில் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. படிவம் நிரப்பும் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நேரம் இல்லை. "போகட்டும் சார்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல. திமிர்.

முடிவில் உறுதிமொழிப் படிவம். 'மாணவர் சொன்னதை மட்டுமே எழுதினேன்.' கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இன்று நன்றாக வரவில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் கோமதி வைத்த காப்பி ஆறிவிட்டது. மூன்று பக்கம் ஓடிவிட்டது, ஒரு வாயாடிப் பெண்ணுக்காக.

மார்ச் 29, சனி

நேற்று எழுதியதைத் திரும்ப வாசிக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்கு. எனக்குக் கணக்கு பத்தாம் வகுப்போடு முடிந்துபோன விவகாரம். அவள் சொன்ன எண்களை ஒரு கூலிக்காரன் மாதிரி எழுதிக்கொண்டு போனேன். ஆறாவது படியில் நிறுத்தி, அதுவரை எழுதியதை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "சார், மூணாவது படியில பதினேழுன்னு சொன்னேன், பதினாறு எழுதிட்டீங்களா? அதுக்கு விடை முழுசா வராதே" என்றாள். தாளைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு. பதினாறுதான் எழுதியிருந்தேன்.

மனதுக்குள் ஒரு கரும்பலகையே வைத்திருக்கிறாள். கிளிக்கும் ஞாபகம் இருக்கும் என்று எழுத நினைத்தேன். கிளி மூன்றாவது படிக்குத் திரும்பிப் போகாது.

அம்மை டீச்சர் குணமாகிவிட்டார், மீதித் தாள்களுக்கு அவர் வரலாம் என்று மையத்தில் சொன்னார்கள். நானே எழுதுகிறேன் என்றேன். பாதியில் விட்டுப்போனான் என்று யாரும் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு வேடிக்கை. கல்யாணமான இருபத்தாறு ஆண்டில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத கோமதி, சுண்டைக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்கு என்னதாம் செய்யுது?" என்று கேட்டாள்.

பயிற்சியில் கேட்டதைக் கொஞ்சம் நக்கலோடு சொன்னேன். எழுத்து மூளைக்குப் போய்ச் சேர நேரமாகிறதாம், அறிவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம், சோம்பேறித்தனம் இல்லையாம், கதை நன்றாக இல்லையா என்றேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றது.

"அதுக்குப் பேரு இருக்கா?"

"டிஸ்லெக்ஸியா."

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

"பெரியாளுகளுக்கும் இருக்குமாங்க?"

"இருக்குமாம். ரோஸ்லின் அம்மையார் திருவாக்கு."

அப்புறம் அவள் சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவும்போது அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. தப்பில்லாமல் சொன்னாள். என் தலைமையாசிரியருக்கு அது இன்னும் வாயில் நுழையவில்லை.

புதுச் சொல் கிடைத்தால் சிலருக்கு இப்படித்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

அறிவியல். கோமதி ஒரு டிபன் பாக்ஸை என் பையில் திணித்தாள். எள்ளுருண்டை. "கூட ஒரு மணி நேரம் இருக்கால்லா அந்தப் பிள்ள, வயிறு காஞ்சு போகும்." எனக்கும் அதே கூட ஒரு மணி நேரம்தான். என் வயிறு யாருக்கும் தோன்றவில்லை.

தேர்வு முடிந்ததும் கொடுத்தேன். பெனிட்டா ஒன்றைக் கடித்துவிட்டு, "ஒங்க வீட்டு அம்மா நல்லா படிப்பாங்களா சார்?" என்று கேட்டாள்.

"படிக்க மாட்டா" என்றேன்.

"ஏன் சார்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டாக நான் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வெயில் கடுமை, ஆட்டோ கிடைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சமூக அறிவியலோடு முடிந்தது. உறுதிமொழியில் கடைசிக் கையெழுத்து.

"தமிழுக்கு அடுத்து மூணு தாளும் நான் சொன்னதுதான் சார் எழுதியிருக்கீங்க. தேங்க்ஸ்" என்றாள். நற்சான்றிதழ்! பதினாறு வயதுக்காரி எனக்கு. வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 16, வெள்ளி

தேர்வு முடிவு. பத்து மணிக்குப் போன் வந்தது.

"சார், தமிழ் அறுபத்தி ஏழு. கணக்கு எம்பத்தி நாலு. பாஸ் சார்! அறுபத்தி ஏழும் என்னுது."

"அந்தப் படிவக் கேள்வி போகலன்னா எழுபதத் தாண்டியிருக்கும்" என்றேன்.

"அது நீங்க அடிச்சதுல போனது சார்" என்று சிரித்தாள். "பரவால்ல. அது ஒங்க மார்க்கு."

அம்மா பக்கத்தில் அழுவது கேட்டது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அறுபத்தேழுக்கு இவ்வளவு ஆட்டம் போடும் குடும்பம். இரண்டு மதிப்பெண்ணையும் நாள்காட்டியில் குறித்து வைத்தேன். பள்ளியில் யாராவது கேட்பார்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கோமதி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "என்னத்த அடிச்சீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மே 18, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்துக் காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். கோமதி இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். இத்தனை ஆண்டில் இதை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை, தூசி தட்டுவதைத் தவிர.

"தமிழ்ப் பரீட்சை அன்னைக்கு எழுதுனீங்கல்லா, அத வாசிங்க."

"எதுக்கு?"

"அந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியணும்."

மார்ச் 28-ஐத் திறந்தேன். முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரிக்குப் போகும்போது வாய் தானாக வேறு தடம் பிடித்தது. "தேர்வு நல்லபடியாக நடந்தது. மாணவி சொன்னதை எழுதினேன். கொஞ்சம் நேரம் போதவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்." பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எனக்கு இது புதிது இல்லை.

"வாசிங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"வாசிச்சாச்சு."

"இல்ல. கண்ணு ஒரே எடத்துல நிக்கு. எனக்குத் தெரியாதா? நான் ஒங்க முன்னாடி எத்தன வருசம் அப்பிடி நின்னுருக்கேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் நோட்டைப் பார்த்தேன். மூன்று கண்ணாடி. உப்பு ஜாடிக்கு அடியில் பட்டியல். புரட்டாத துதிப் புத்தகம். எல்லாவற்றையும் நான்தான் என் கையால், முத்து முத்தாக, இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரோஸ்லின் சொன்ன அடையாளங்களுக்கும் அதற்கும் நடுவில் இரண்டே நாள். இரண்டையும் எழுதிய ஆளுக்கு வாசிக்க வரவில்லை.

"கோமு" என்றேன். அப்படிக் கூப்பிட்டு வெகுநாள் ஆகிவிட்டது.

"மொதப் பக்கத்துலேர்ந்து வாசிங்க."

"வேண்டாம்."

"வாசிங்க. ஒண்ணும் விடாம."

வாசித்தேன். 'இந்த வீட்டில் நோட்டை எடுத்துப் படிக்கும் ஆபத்து கிடையாது' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. "நிப்பாட்டாதீங்க" என்றாள். 'ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி' என்று வாசித்தேன். படம் பார்க்கிறாள் என்பதை வாசித்தேன். எழுத்துக்கு இவ்வளவுதான் மரியாதை என்பதை வாசித்தேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். தமிழாசிரியனுக்கும் கிடைக்கவில்லை.

பெனிட்டாவின் செருப்புக் கட்டுரை வந்தபோது மட்டும், "இன்னொருக்கா" என்றாள். இரண்டு முறை வாசித்தேன்.

முடித்தபோது மணி நாலே கால். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையை நீட்டி நிறுத்தினாள்.

"அது அப்பறம். இப்ப நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. நான் சொல்லுதத மட்டும். கோடு கீடு போடக் கூடாது."

அவள் சொன்னது:

"எம் பேரு கோமதி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். கண்ணாடி வாங்குனது தொலைக்கதுக்குத்தான். இவுக எதையாவது வாசின்னு நீட்டுனா, காணோம்னு சொல்லதுக்கு ஒண்ணு வேணும்லா. ஒம்பதாங் கிளாஸ்ல டீச்சர் எந்திச்சு வாசின்னாங்க. எப்பவும் எனக்குக் காதுல சொல்லித் தார பிள்ள அன்னைக்கு வரல. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள்லேர்ந்து நான் போகல. எங்க வீட்டுல கேட்டதுக்கு வயித்துவலின்னு சொன்னேன். வாத்தியாரு மாப்பிள்ளன்னதும் ரெண்டு நாளு தூங்கல. இவுகளுக்குத் தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாகன்னு நெனைச்சேன். இருபத்தாறு வருசம் ஆயிட்டு, பட்டியல எழுதித் தாராக, நான் காதால கேட்டு வச்சுக்கிட்டுப் போறேன். ஒரு சாமானும் விட்டதில்ல. வாரப் பத்திரிகையில நான் படம் பாக்கல. தலைப்புல உள்ள எழுத்த ஒவ்வொண்ணா கூட்டிப் பாப்பேன். ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு வரும். எனக்கு இருக்கதுக்கு ஒரு பேரு இருக்குன்னு போன மாசம் தெரிஞ்சுது. நான் மக்கு இல்ல. இத எழுதிக்கோங்க. நான் மக்கு இல்ல. நாளையிலேர்ந்து மத்தியானம் அந்தப் பத்திரிகைய இவுக எனக்குச் சத்தமா வாசிக்கணும். அவ்வளவுதான்."

வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு எடத்துல நான் ரெண்டு தடவ சொன்னேன்."

"ரெண்டு தடவதான் எழுதியிருக்கேன்."

"சரி" என்றாள்.

மேலே உள்ளது சொன்னவர் சொன்னபடியே எழுதப்பட்டது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, திருத்தவில்லை.

பொன். ஆவுடையப்பன்
சொல்வதை எழுதுபவர்